பாதிக் கூலிக்கு ஆடியவர்

என் வீட்டுக்காரர் கபடி பாடிப் போனால் எதிர் டீம் ஆட்கள் கோட்டை ஒட்டி ஒதுங்குவார்கள். கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் அவருக்கு அப்படி ஒரு பேர். மற்ற நாளில் லோடு வண்டி ஓட்டுகிறவர்தான். லீக் என்று ஒன்று வந்ததிலிருந்து, சீசனுக்குச் சீசன் ஆட்டத்திலும் நாலு காசு வந்தது.

லீக்கில் எட்டு ஊர் டீம். கல்யாண மண்டபத்தில் ஏலம் வைத்து ஆட்களை எடுப்பார்கள். ஒரு டீம் கொடுக்கும் மொத்தக் கூலி இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று கமிட்டி வரம்பு வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பணம் புழங்கும் ஊர் நல்ல ஆளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம்தான் காரணம். ஒவ்வொரு டீமும் ஒரே ஒரு ஆளை மட்டும், அவர் எந்த ஊராக இருந்தாலும், ஏலத்துக்கு விடாமல் பேசி முடித்த கூலிக்கு எடுத்துக்கொள்ளலாம். கூடக் கேட்பான் என்று கமிட்டிக்காரர்கள் யோசித்தார்களே தவிர, குறைத்துக் கேட்கிறவனும் இருப்பான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

போன சீசனில் என் வீட்டுக்காரர் அதைத்தான் செய்தார். வழக்கமாக வாங்குவதில் பாதி போதும் என்று சொல்லிவிட்டு வந்து நின்றார். மிச்சமான பணத்தில் எங்கள் டீம் இன்னொரு நல்ல ரெய்டரையும், மீமிசல் பக்கமிருந்து, பாடி வருகிறவரை மடக்கிப் போடும் உடும்புப்பிடிக்காரர் ஒருவரையும் ஏலத்தில் தூக்கிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம். மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். ரெண்டு கிடா வெட்டுவதாகச் சொந்தத்தில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்ங்க" என்றேன்.

"நம்ம ஊரு ஒரு தடவையாச்சும் கப்பு வாங்கணும்ல. எங் கூலிய நான் கொறைச்சுக்கிட்டா யாருக்கு என்ன நட்டம்?"

எனக்குத்தான் என்று சொன்னால் சுயநலக்காரி ஆகிவிடுவேன். ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் "தங்கமான மனுசன்" என்றார்கள். அந்தத் தங்கத்தை உருக்கித் தோடு செய்ய முடியுமா என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் அவர்கள் சொல்லும்போது உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

கடைசி ஆட்டம் எங்கள் ஊருக்கும் நான் பிறந்த ஊருக்கும். அந்த ஊர் டீமை நடத்துவது என் அண்ணன். முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார். வரம்புக்குள் கிடைத்த ஆட்களை எடுத்து, வருஷம் முழுக்கத் தோப்புக்குள்ளேயே மண் கொட்டிக் களம் போட்டுப் பழக்கியிருந்தார். யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் முந்தானையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டுவதற்கு அவசியமும் வரவில்லை, பாதி ஆட்டத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் கப்பைத் தூக்கியபோது, அண்ணன் கைகூடக் கொடுக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் போன் போட்டால் எடுக்கவில்லை.

தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துவது எங்கள் பக்கம் நடக்காது. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான்.

அந்த நேரம் பார்த்து, தெருக்குழாயில் பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் வேறொரு டீமில் ஆடுகிறவர்.

"அவரே பாதிக்கு ஆடுறாரு, ஒனக்கு என்ன முழுசு வேண்டிக்கெடக்குன்னு எங்க வீட்டுக்காரர அவரு டீமுல கேக்குறாங்கக்கா. ஒங்கவரு கொறைச்சா பெருந்தன்மை. இவரு கொறைச்சா எங்க வீட்ல அடுப்பு எரியாது" என்றாள்.

வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். என் வீட்டுக்காரர் முதலில் சீறினார். பிறகு, "நல்லது செஞ்சாலும் தப்பாடி?" என்று கேட்டார்.

வெற்றிலை, பாக்கு, பழத்தட்டோடு அண்ணன் வீட்டுக்கு அழைக்கப் போனோம். அண்ணன் என் மகளைத் தூக்கிக்கொண்டார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மருமகளுக்குத் தோடு செஞ்சாச்சு. மாமன் வராம இருப்பனா? நீ அழாதத்தா" என்று என்னிடம் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஒங்க டீமு வரம்புக்கு மேல குடுத்து ஆள இழுத்திருந்தா கமிட்டில கேட்டிருப்பேன் மாப்ள. கொறைச்சு வாங்கினவர என்னன்னு கேக்குறது? ஒங்க ஊரு மேல பாசம் சரி. எங்க ஊரு ஒங்களுக்குப் பொண்ணு குடுத்த ஊருல்ல?"



காதுகுத்து எங்கள் குலதெய்வக் கோயிலில் நடந்தது. ஒரு கிடாதான். அண்ணன் மடியில் பிள்ளையை வைத்து ஒரு காதைக் குத்தியதும் அது வீறிட்டது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் திடீரென்று பேசினார்.

"வர்ற சீசன் ஒங்க டீமுக்கு ஆடுறேன் மச்சான். அதே பாதிக் கூலிக்கு."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள்.

அண்ணன் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடியே, "முழுக் கூலிக்கு வாறதுன்னா வாங்க" என்றார்.

"முழுசா எனக்கே குடுத்துட்டா வேற நல்ல ஆள எடுக்க முடியாதே மச்சான்."

"அதத்தான மாப்ள நானும் சொல்றேன். அந்த வரம்பு வச்சதே அதுக்குத்தான?"

பாதிக் கூலிக்கு நல்லவராக நின்றவர், முழுக் கூலி என்றதும் தோற்றவர் போல நின்றார். ஆசாரி அடுத்த காதுக்கு ஊசியை எடுத்தார். பிள்ளை திமிறியது. அண்ணன் அதன் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, என் வீட்டுக்காரர் எதிரே மண்டியிட்டுக் கால்களைப் பிடித்துக்கொண்டார்.