ஓவு வரைக்கும் ஒரு சொல்

திங்கள்கிழமை சிவன் கோயிலுக்குப் போனால் இன்றைக்கும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டுதான் பிரகாரத்தில் நடக்கத் தொடங்குவேன். பாதி வழியில் நாக்கு தானாக 'டாசிடர்ன்' என்று சொல்லிவிடும். பகவான் பொறுக்க வேண்டும். பத்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு இந்த இங்கிலீஷ் வந்தது அத்தையால்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. தாத்தாவும் பாட்டியும் போன பிறகு அவளை வளர்த்தது அப்பாதான். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு பாறசாலையில் ஒரு டியூட்டோரியலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் மேலே படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்குப் பென்சிலால் ஒரு பரீட்சை எழுத வேண்டும். அந்தப் பரீட்சைக்கு, இங்கிலீஷ்காரர்களே பேசாத சொற்களையெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டுமாம். அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

“படிச்சது போதும். இனி உன்னக் கெட்டுதவன் பாத்துக்கிடுவான்.”

வீட்டில் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அப்பாவின் முகம் கறுக்கும். ஆனால் சாயங்காலம் குளித்துக் கோயிலுக்குப் போகிற பெண்ணை யார் தடுப்பார்கள்? சோறு கொதிக்கிற நேரத்தில் அடுக்களையிலேயே சில சொற்களைப் பார்த்து வைத்துக்கொள்வாள். பிறகு துணைக்கு, அப்போது சிறுமியான என்னையும் இழுத்துக்கொண்டு புறப்படுவாள்.

எங்கள் பக்கத்தில் சிவனை முழுச் சுற்றாகச் சுற்றக் கூடாது. அபிஷேகத் தண்ணீர் வடிகிற கல் ஓவு வரைக்கும் போய், அதைத் தாண்டாமல் வந்த வழியே திரும்ப வேண்டும். அத்தைக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. போகும்போது சொல், திரும்பும்போது அர்த்தம். கைகூப்பி, கண்ணைப் பாதி மூடி, உதடு மட்டும் அசைய நடப்பாள். பின்னால் நடந்த எனக்கும் எல்லாம் பாடமாயிற்று.

எனக்குப் பயமாகவும் இருந்தது. “அத்தே, சாமிகிட்ட இங்கிலீஷ் சொல்லலாமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சிவனுக்கு எல்லாப் பாஷையும் தெரியும் மக்கா. அண்ணனுக்குத்தான் தெரியப்பிடாது.”

தொழ வந்த பெண்கள் அவளைப் பார்த்து உருகினார்கள். “இந்தப் பிராயத்துல இப்பிடி ஒரு பக்தியா!” என்று பேச்சுப் பரவியது. அது நெய்யாற்றின்கரையிலிருந்து தொழ வந்த ஓர் அம்மாவின் காதில் விழுந்தது. மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அத்தை பழம்பொரித் தட்டை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பரீட்சைக்கு முன்னால் நிச்சயம் ஆகிவிட்டால் எல்லாம் போயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

அந்த அம்மா என்னை மடியில் இழுத்து உட்காரவைத்தார். “மோளே, உன் அத்தை அம்பலத்துல என்ன மந்திரமாக்கும் சொல்லுது? எனக்கும் சொல்லித் தா.”

மந்திரம் என்று கேட்ட பிறகு தப்பாகச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. மடியிலிருந்து இறங்கி, சாமி படத்தைப் பார்த்துக் கைகூப்பினேன். “ஆப்டியூரேட், கல்மனசு. டாசிடர்ன், அதிகம் பேசாதவன். கேருலஸ், வாய் ஓயாமப் பேசுறவ…”

ஒரே மூச்சில் ஒன்பதோ பத்தோ சொல்லி முடித்துக் கும்பிட்டேன்.

அந்த அம்மா முதலில் முழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “அமெரிக்காவுக்குப் போன எங்க அண்ணன் மகனும் இதத்தான் உருப்போட்டான். பக்தி சிவன்மேல இல்ல, அமெரிக்காமேலயாக்கும்! நல்ல பிள்ளைதான். ஆனா எனக்கு வீட்டுல இருக்குத மருமகள் வேணும் கேட்டியளா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, சாயாவை மிச்சம் வைக்காமல் குடித்துப் புறப்பட்டார்.

அப்பா அன்றைக்கு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. டாசிடர்ன் என்றால் இதுதான் என்று எனக்கு நன்றாக விளங்கியது.

மறுநாள் சாயங்காலம் அத்தை கோயிலுக்குப் புறப்படவில்லை. அடுக்களையில் குனிந்து மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் வந்து நின்றார்.

“என்னா, கோயிலுக்குப் போவலியா?”

“இல்ல அண்ணா.”

“தொடங்கின நேர்ச்சையைப் பாதியில விடப்பிடாது. மழ வரும். குடை எடுத்துக்கிட்டுப் போ.”

அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கோ அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. நான் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும், இவர் இன்னும் அதைச் சாமிக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை என்றே நம்புகிறாரே!

சில வாரம் கழித்து, தோழியின் கல்யாணத்துக்கு என்று சொல்லி அத்தை திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டாள். பஸ் ஏற்றிவிட அப்பாவே பாறசாலைக்கு வந்தார். நானும் கூடப் போனேன். பஸ் நகரும் நேரத்தில் அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். பிளேடால் கூராகச் சீவிய இரண்டு பென்சில்கள்.

“ஒண்ணு ஒடிஞ்சா மத்தது இருக்கட்டும்” என்றார்.

கல்யாண வீட்டுக்கு யாராவது பென்சில் கொண்டுபோவார்களா? அப்பாவுக்கு ஒரு விவரமும் கிடையாது என்று நினைத்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து வீட்டுக்கு நடந்தேன்.