நாலாம் மலை, ஏழாவது நிரை

கம்ப்யூட்டர் இருக்கும் அறை குளிராக இருக்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து யாரோ எழுதி அனுப்பியிருந்தார்கள். மலைநாட்டு அட்டன் நகரத்தில், புடவைக்கடை மாடியில் நடந்த எங்கள் வகுப்புக்கு ஏசி வாங்க வழியில்லை. அதனால் டிசம்பர் மாதத்தில் சன்னலையெல்லாம் திறந்துவைத்து, மின்விசிறியையும் சுழலவிட்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பத்துப் பேர் நடுங்கிக்கொண்டே படித்தோம். கம்ப்யூட்டர் சுகமாக இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருடம் இருக்கும். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருவேன். பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில் ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தேன். முப்பரிமாணப் படம் போடும் இந்தப் படிப்பிலும் தேறாவிட்டால் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துக் கொழுந்துக்கூடையை மாட்ட வேண்டியதுதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மா கொழுந்து பறிப்பவள். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

என் சிக்கல் அவளுக்குத் தெரியாது. எனக்கு எழுத்து நிற்காது. ஒரு சொல்லை வாசித்து முடிப்பதற்குள் நடுவிலிருந்த எழுத்து முன்னால் வந்துவிடும். இங்கிலீஷில் இன்னும் மோசம். இது ஒரு கற்றல் குறைபாடு, இதற்குப் பெயர்கூட உண்டு என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. எங்கள் பள்ளிக்கூடம் இதற்கு வைத்திருந்த பெயர் ‘கவனமில்லை’. சோம்பேறி என்ற பெயரோடு வாழ்ந்துவிடலாம், வாசிக்கத் தெரியாதவள் என்ற பெயரோடு முடியாது என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

பத்துப் பேருக்குக் கம்ப்யூட்டர் இரண்டுதான். ஆகவே கம்ப்யூட்டரைப் பெரும்பாலும் கொப்பியில்தான் படித்தோம். பாடம் நடத்திய யாழ்ப்பாணத்துச் சேர் நோட்ஸ் சொல்வார், மற்றவர்கள் எழுதுவார்கள். படத்துக்கு வெளிச்சமும் நிழலும் ஏற்றும் ரெண்டரிங் என்றால் என்ன, அதன் பயன்கள் ஐந்து. நான் பேனாவை அசைத்துக்கொண்டிருப்பேன்.

என் முறை வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் கதை வேறு. அதிலிருந்த பெயர்களை நான் வாசிக்கவே முயலவில்லை. தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு, மலைக்குள் தேயிலைச் செடி வரிசைக்கு நிரை என்று பெயர். கங்காணி காட்டுகிற நிரையில் ஏறினால் வேலை நடந்துவிடும், யாரும் எதையும் வாசிக்க வேண்டாம். திரையின் மேலே நின்ற பட்டியல்களை இடமிருந்து மலைமலையாக எண்ணினேன். இரண்டாம் மலை, மூன்றாவது நிரை என்றால் சுவர். நாலாம் மலை, ஏழாவது நிரை என்றால் வெளிச்சம்.

செய்முறைப் பரீட்சைக்கு ‘நவீன வீடு’ என்று கொடுத்தார்கள். எல்லாரும் நோட்ஸில் இருந்தபடி உருண்டைத் தூணும் பல்கனியும் கட்டினார்கள். நானும் கட்டினேன். சமையலறை மட்டும் இருட்டாகக் கிடந்தது. தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் பகல் வெளிச்சம் கூரைத் தகரத்து ஓட்டை வழியாகத்தான் வரும். மத்தியானத்தில் அடுப்புக்கு மேலே சாய்வாக விழும். வீடு என்றால் அப்படித்தான் என்று நினைத்து, அந்த நவீனக் கூரையிலும் ஓட்டை போட்டு வெளிச்சத்தை இறக்கினேன்.

சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“பிள்ளை, வெளிச்சம் வடிவா விழுந்திருக்கு. எப்பிடிச் செய்தனீர்?”

“நாலாம் மலை, ஏழாவது நிரைங்க சேர்.”

“அதின்ர பேரைச் சொல்லும்.”

“பேரு தெரியாதுங்க சேர்.”

“பேர் தெரியாமல் என்னெண்டு செய்யிறது?”

“செஞ்சிட்டேனே சேர்.”

அவருக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே குழம்பிப்போனார். செய்முறைக்கு இருபது புள்ளி, எழுத்துக்கு எண்பது. இருபதுக்கு இருபதும் எண்பதுக்கு நாலும் வாங்கித் தோற்றேன்.

சான்றிதழ் விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். தோற்றதைச் சொல்ல வாய் வராமல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சான்றிதழில் அலங்காரமாக ஒரு படம் அச்சடித்திருந்தார்கள். என் வீடு! வகுப்பிலேயே நல்ல படம் அதுதானாம். ரெண்டரிங்கின் ஐந்து பயன்களும் தெரிந்த ஒன்பது பேர் என் சமையலறையைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள்.

எழுத்து தெரியாத அம்மா, பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிள்ளையின் சான்றிதழை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். “இது எங்க வீட்டு ஓட்டைங்க!” என்றாள் சத்தமாக. “எம் மக போட்டது.”

விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர், டவுனில் வீட்டுப் பிளான் கீறும் அலுவலகம் வைத்திருந்த முதலாளி. எட்டிப் பார்த்தார். “ஓட்டையாம்மா இது? கொழும்புல பெரிய பெரிய வீட்டுக்காரங்க கேட்டு வாங்கி வைக்கிறாங்க.” என் பக்கம் திரும்பினார். “திங்கக்கிழம ஆபீசுக்கு வா. ஆளுங்க எழுதிக் குடுக்கிறத வாசிச்சு அதும்படி படம் போடணும். முடியுந்தானே?”

முடியும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பியிருப்பேன். பேனா அசைத்து நடித்தது போதும் என்று ஆகிவிட்டது. “படம் போடுவேங்க. வாசிக்க வராதுங்க. சின்னதுலருந்தே வராது.”

அவர் சான்றிதழ்ப் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். “வாசிச்சு சொல்ல ஆள் இருக்கு. நீ வா” என்றார்.

சந்தோஷப்பட அவகாசம் கிடைக்கவில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். அவன் போடும் கடிதங்களை நாலு வருடமாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது நான்தான்.

“அப்ப ஒவ்வொரு கடுதாசியிலயும், அம்மாவுக்கு கால்வலி எப்படி இருக்குன்னு அண்ணன் கேட்டிருந்தானே?”

“அது நான் கேட்டதும்மா” என்றேன்.