தஹிட்டிக்கு முன் லா ஷப்பல்

பாரிஸின் லா ஷப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு பயண முகவர் கடைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். சென்னையிலிருந்து வந்தவள், அடுத்து பசிபிக் கடலில் தஹிட்டிப் பக்கம் போக வேண்டும். பத்து நாளில் ஐந்து தீவுகள் என்று நான் எழுதிவந்த தாளை முகவர் படிக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். பேனாவை எடுத்து மூன்று தீவுகளைக் கோடு போட்டு அடிக்கிறார்.

“ரெண்டு காணும், தங்கச்சி. இல்லாட்டி பிளேனுக்குள்ளையே நிப்பியள். ஞாயிற்றுக்கிழமை கடையள் பூட்டு, சனம் சேர்ச்சுக்குப் போயிடும். நீங்களும் போய்ப் பின்னுக்கு இருங்கோ. நீச்சல் உடுப்போடை ஊருக்குள்ளை திரியாதேங்கோ.”

“ஆளுங்கள போட்டோ எடுக்கலாமாண்ணா?”

“கேட்டு எடுங்கோ.” பேனாவை மூடுகிறார். “இஞ்சை கோயில் தேருக்கு நான் அலகு குத்திக் காவடி எடுத்தனான். ஒருத்தன் கமராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து எடுத்தான். அலகு குத்தின வாயாலை வேண்டாம் எண்டு சொல்லேலுமே?”

எனக்குக் காது சூடாகிறது. உள்ளே வருவதற்கு முன், கண்ணாடிக்கு வெளியே நின்று அவரை ஒரு படம் எடுத்திருந்தேன். பாரிஸில், தமிழ்ப் பெயர்ப்பலகைக்குக் கீழே ஒருவர் வாய் நிறைய வடை தின்பது எனக்கு அவ்வளவு அதிசயமாக இருந்தது. கைப்பேசியை எடுத்து அவரிடம் காட்டுகிறேன்.

வாங்கிப் பார்க்கிறார். “இதிலையும் கதைக்கேலாத வாய்தான்.”

படத்தை அழிக்கிறேன். “இப்ப ஒண்ணு எடுக்கலாமாண்ணா?”

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருகிறார். “ஓம். வடிவா எடுங்கோ.”