நெத்திலிக்காக நின்ற பஸ்

நேற்று மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு ஹைதராபாத்தின் திருமுல்கேரியில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நாற்காலி. மர நாற்காலி. மூன்று கால்களுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தது, நான்காவது கால் இன்னும் வெறும் மரமாக இருந்தது. அதைப் போலப் பதினைந்து நாற்காலிகள் நடைபாதையில் கவிழ்ந்து கிடந்தன. பெயிண்டர் டர்பெண்டைனில் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன கடை வருது?" என்று இந்தியில் கேட்டேன்.

"கிரீஸ் ஹோட்டல் மேடம். சன்டே ஓப்பனிங்."

அந்த நிமிடமே என் வாயில் பொரித்த நெத்திலியின் ருசி வந்துவிட்டது. நீங்கள் சிரிக்கலாம். எப்படி வந்தது என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

டர்பெண்டைன் வாசனை என்றால் எனக்கு மல்லாபூரில் என் அண்ணன் வைத்திருந்த பெயிண்ட் கடை. பக்கத்து நாச்சாரத்தின் சின்னச் சின்னத் தொழிற்சாலைகளுக்கு ப்ரைமர், எனாமல் எல்லாம் அங்கிருந்துதான் போகும். கடை அண்ணன் பெயரில் இருந்தது. கலர் கலக்குவது மதினி. யாராவது ஒரு புடவைத் துண்டைக் கொண்டுவந்து "இதே கலர் வேணும்" என்பார்கள். மதினி அதை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் ஒரு தடவை பார்ப்பார். திரும்பி வந்து மெஷினில் நம்பரைத் தட்டுவார். மெஷின் ஊற்றி முடித்ததும், அதற்குத் தெரியாத ஒரு சொட்டுக் கருப்பையோ மஞ்சளையோ தன் கையால் விடுவார். அந்தச் சொட்டுக்காகவே உப்பல் வட்டாரத்திலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள்.

மெஷினுக்கு மேலே ஆணியில் பெயிண்ட் கம்பெனியின் ஷேடு கார்டு, அதாவது கலர் மாதிரிப் புத்தகம், தொங்கும். அதன் அட்டையில் ஒரு படம்: ஏதோ கிரேக்கத் தீவு, ஊர் நடுவே ஒரு சதுக்கம், பெரிய மரம், மரத்தடியில் நீல நாற்காலிகள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நான்கு பேர். பதினோரு வருடமாக மதினி அந்த நான்கு பேருக்கு எதிரில் நின்று வேலை பார்த்தார். "என்னதான் திங்காவளோ, ஒரு நாளாவது முடிக்காளுவளான்னு பாக்கேன்" என்பார்.

அந்தப் பதினோராவது வருடம் விற்பனை இலக்கைத் தாண்டிய டீலர்களுக்குக் கம்பெனி அறிவித்த டூர் அதே கிரீஸ். தம்பதியாகப் போகலாம். அண்ணனுக்கு அதற்குப் பத்து நாள் முன்னால் முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது. அவர் இடத்தில் நான் போனேன். அப்போது நான் ஒரு நாளிதழின் டெஸ்கில் உதவியாசிரியர். வாரம் ஒருமுறை உலகச் சுற்றுலாப் பக்கத்தைச் சரிபார்த்து அனுப்புவேன், விசாகப்பட்டினத்தைத் தாண்டியதில்லை.

டீலர் டூரில் போனவர்களுக்குத் தெரியும், கூடவே ஒரு சமையல்காரரும் வருவார். அவரை எல்லோரும் மகராஜ் என்பார்கள். உலகத்தில் எங்கே போனாலும் மாலை ஏழரைக்கு ஹோட்டலின் அடித்தளத்தில் பருப்பு, சப்பாத்தி, ஜீரா ரைஸ், சுத்த சைவம். ஐந்து நாள் கடலைச் சுற்றிக்கொண்டு ஐந்து நாளும் உருளைக்கிழங்கு சாப்பிட்டோம். மதினி தூத்துக்குடிக்காரர். மூன்றாவது நாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "ஏட்டி, மல்லாபூர்ல கெடைக்கத திங்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று கேட்டார்.

தீவில் எங்கள் கடைசி நாள் மாலை மலை மேலிருந்த ஒரு ஊருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். டூர் மேனேஜர் ராகேஷ், பம்பாய்ப் பையன், மைக்கில் சொன்னான்: நாற்பது நிமிடம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம், ஏழே காலுக்கு பஸ் கிளம்பும். இறங்கும்போது என் கடிகாரத்தில் ஆறு முப்பத்தைந்து.

பெயிண்ட் டீலர்களும் அவர்கள் மனைவிமாருமாக முப்பத்தாறு பேர் ஒரு வெள்ளை ஊருக்குள் நுழைந்தால் என்ன செய்வார்கள்? சுவரைச் சுரண்டினார்கள். நகத்தால் சுரண்டி, விரலில் ஒட்டியதை முகர்ந்து, "எமல்ஷன் காது, சுண்ணம்" என்று எங்கள் திருமுல்கேரி டீலர் யாதகிரி தெலுங்கில் தீர்ப்புச் சொன்னார். எமல்ஷன் இல்லை, வெறும் சுண்ணாம்பு என்று தெரிந்ததும் பாதிப் பேர் முகத்தில் துக்கம்.

சந்து திரும்பியது. சதுக்கம். நான் நிருபர் இல்லை, ஆனாலும் இதைக் குறித்துவைத்தேன்: ஒரு பெரிய மரம், இலை நம் ஆமணக்கு இலை போல விரல் விரலாக. தரைக் கல் இடுக்கெல்லாம் வெள்ளை பூசியிருந்தார்கள். ஒரு சின்ன தேவாலயம், ஐந்து பூனைகள். மரத்தடியில் பதினெட்டு மேசை, காகித விரிப்பு, காற்றில் பறக்காமலிருக்க ஓரங்களில் எஃகு கிளிப். நீல நாற்காலிகள்.

மதினி நேராகப் போய் ஒன்றின் முதுகைத் தடவினார். "இதுல கறுப்பு ஒரு சொட்டு கூட விட்டுட்டான்" என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அட்டைப் படத்துக்குள் போன ஐந்தாவது ஆளாக.

உள்ளேயிருந்து ஏப்ரனோடு ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், பெயர் எலேனி என்று பிறகு தெரிந்தது. ஆங்கிலம் அவருக்குப் பத்து வார்த்தை. எட்டு விரலைக் காட்டினார். எட்டு மணிக்குத்தான் சாப்பாடு. அந்த ஊரில் யாருக்கும் அதற்கு முன் பசிக்காதாம்.

"மதினி, ஏழே காலுக்கு பஸ். எந்திரிங்க."

"நான் வரல."

"வரலைன்னா?"

"வரலைன்னா வரல. நாளைக்கு கப்பல், மறுநாள் ஏரோபிளேன், அதுக்கடுத்த நாள் மெஷின். இன்னிக்கு இங்கனதான் திம்பேன். நீ போயி அந்தப் பருப்பத் தின்னு."

பதினோரு வருடத்தில் மதினி ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் உட்கார்ந்தேன். ஆறு ஐம்பது. மனதுக்குள் கணக்குப் போட்டேன்: சமையலறை திறக்க எழுபது நிமிடம், பஸ் கிளம்ப இருபத்தைந்து நிமிடம். எந்தப் பதிப்பிலும் இந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது.

அப்போது உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. பச்சை மீன் வாடை. மதினியின் மூக்கு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். எழுந்தார், உணவகத்துக்குள் போனார், சமையலறை வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாகச் சுவரோரம் வைத்தார், வெறுங்காலோடு உள்ளே நுழைந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

எலேனி தனியாக ஒரு பெரிய தொட்டி நெத்திலியோடு போராடிக்கொண்டிருந்தார். நிஜமான நெத்திலி, விரல் நீளம், வெள்ளிப் பளபளப்பு. மதினியின் காலைப் பார்த்துப் பதறி, தரையில் எண்ணெய் என்று சைகை காட்டி, தன் ரப்பர் செருப்பைக் கழற்றி நீட்டினார். "அடுப்படிக்குள்ள செருப்பா? நக்கோ, நக்கோ" என்றார் மதினி. வெளிநாட்டுக்காரர் யாராயிருந்தாலும் மதினிக்கு வாயில் வருவது ஹைதராபாத் உருதுதான், நக்கோ என்றால் வேண்டாம். அதைச் சொல்லிக்கொண்டே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு நெத்திலியை எடுத்தார். கட்டைவிரலால் தலையைக் கிள்ளி ஓர் இழுப்பு. தலையும் குடலும் ஒன்றாக வந்தன. அடுத்தது. அடுத்தது.

எலேனி கை ஓயாமல் அதைப் பார்த்தார். அவரும் அதே கிள்ளு, அதே இழுப்பு. இரண்டு கட்டைவிரல்கள் போட்டி போட்டன. நான் கழுவினேன், மோசமாகக் கழுவினேன், இருவரும் அவரவர் மொழியில் என்னைத் திட்டினார்கள்.

ஏழு இரண்டுக்குத் தொட்டி காலி. ஏழு ஐந்துக்கு எலேனி எட்டு மணி விதியை மறந்து அடுப்பைப் பற்றவைத்தார். மாவில் புரட்டி எண்ணெயில் போட்டதும் எழுந்த அந்தச் சத்தத்துக்கு மதினி கைதட்டினார். சத்தியமாக, கைதட்டினார்.

ஏழு பன்னிரண்டுக்கு நாங்கள் மரத்தடியில். நடுவில் நெத்திலி மலை, எலுமிச்சைத் துண்டு, ரொட்டிக் கூடை. இன்னொரு தட்டில் மஞ்சளாக ஏதோ மசித்து, மேலே வெங்காயமும் எண்ணெயும். மதினி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை உருட்டினார்.

"ஏட்டி, பருப்பு! இங்கயும் வெரட்டிட்டு வந்துட்டான் பாரு!"

சிரிப்பில் எனக்குப் புரையேறியது. அந்தப் பருப்பையும் வழித்துச் சாப்பிட்டார்.

ஹாரன் கேட்டது. பிறகு ராகேஷ் ஓடி வந்தான். "ஆன்ட்டி, ப்ளீஸ். டின்னர் ரெடி. மகராஜ் கோபப்படுவார். என் வேலை போயிடும்." அவன் பின்னால் பெரியவர் என்ற முறையில் சமாதானம் செய்ய யாதகிரி வந்தார். "பதண்டி அம்மா, பதண்டி" என்று கிளம்பச் சொல்ல ஆரம்பித்தவர் தட்டைப் பார்த்து நின்றார். "இவி சேப்பலா?"

"மீனேதான். உக்காருங்க" என்றார் மதினி.

உட்கார்ந்தார். ஒன்றை வாயில் போட்டார். எழுந்து சந்து முனைக்குப் போய், பஸ்ஸைப் பார்த்து இரண்டு கையையும் அசைத்தார். நான் பார்த்ததிலேயே வேகமாகப் பரவிய செய்தி அதுதான். சைவக்காரர்கள் பஸ்ஸிலேயே இருந்தார்கள். மற்ற இருபத்து மூன்று பேர் வந்தார்கள். மேசைகளை இழுத்துச் சேர்த்தார்கள். எலேனியின் கணவரை எங்கிருந்தோ எழுப்பிக் கூட்டிவந்தார்கள். அடைத்த தக்காளி வந்தது, பொரித்த சுரைக்காய் மாதிரி ஒன்று வந்தது, கணவாய் வந்தது. கடைசியில் கேட்காமலே தர்பூசணியும், சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் தண்ணீர் விட்டால் பால் போலாகும் ஒரு பானமும். "சோம்பு மணக்குது, செரிக்கதுக்குத் தாராவ போல" என்று மதினி ஒரே மடக்கில் குடித்தார். பாதி வழி போகும்வரை அது சாராயம் என்று நான் சொல்லவில்லை. ராகேஷ் ஒரு ஓரத்தில் ஹோட்டலுக்கு போன் பேசிக்கொண்டே நெத்திலி தின்றான்.

எட்டு நாற்பதுக்கு பஸ் உறுமியபோதுதான் மதினி தன் காலைப் பார்த்தார். செருப்பு சமையலறை வாசலில். அதற்குள் எலேனி படிகளில் ஓடி வந்துகொண்டிருந்தார், கைக்கு ஒன்றாகச் செருப்பைப் பிடித்துக்கொண்டு. ஜன்னல் வழியாக நீட்டினார். மதினி முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. கையெடுத்துக் கும்பிட்டார். "என் செருப்ப அவ கையில தூக்க வச்சுட்டேனே" என்று ஹோட்டல் வரும்வரை புலம்பினார். நடுநடுவே சிரித்தார்.

அதைப் பற்றி எங்கள் சுற்றுலாப் பக்கத்தில் அறுநூறு வார்த்தை எழுதினேன். இடப் பற்றாக்குறையால் சமையலறைப் பகுதியை வெட்டியது நானேதான். அந்தப் பக்கம் இப்போது இல்லை. அண்ணன் கடையில் ஷேடு கார்டு இல்லை, கலரை போனில் காட்டிக் கேட்கிறார்கள். மெஷினுக்கு மேலே ஆணி மட்டும் இருக்கிறது. மெஷினை மதினிதான் பார்க்கிறார், போன் வெளிச்சத்தில் கலர் பொய் சொல்லும் என்று ஒவ்வொருவரிடமும் சண்டை பிடிக்கிறார்.

அந்த டூருக்கு அடுத்த வருடமும் இலக்கைத் தாண்டினார்கள். டூர் கடிதம் வந்தது, வியட்நாம். கடிதத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: பயணம் டீலர்களுக்கு மட்டும், குடும்பத்தினருக்கு இடமில்லை. கடை அண்ணன் பெயரில், அண்ணன் போய்வந்தார்.