மணல் மூட்டை ஓட்டிய வண்டி

அந்த மருத்துவமனை வளாகத்தில் புல் வெட்டுகிறவருக்கு ஈர்க்குச்சி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். ஆள் அவ்வளவு ஒல்லி. சட்டை கொடியில் காய்கிறதா, உள்ளே மனிதர் நிற்கிறாரா என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ரோஷம் மட்டும் நாலு ஆளுக்குப் போதுமானது.

பாதி ஆயுள் தள்ளு மெஷினைத் தள்ளியே கழிந்து, முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன நேரத்தில்தான் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி வந்து இறங்கியது. சீனியர் அவர்தான், சீட்டும் அவருக்குத்தான். தோள் துண்டால் சீட்டைத் துடைத்துவிட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஏறி உட்கார்ந்தார். அதே வளாகத்தில் இலை ஊதும் மெஷினோடு வேலை பார்க்கும் அவர் மனைவி, வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தாள்.

முதல் மேட்டில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. இன்ஜின் நின்றது. மறுபடி கிளப்பினார். அடுத்த மேட்டில் மறுபடி நின்றது.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்குண்ணே. மேல ஆள் இல்லைன்னா இன்ஜினை நிறுத்திடும். ஆள் கீழ விழுந்துட்டா பிளேடு பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல?"

"நான்தான் உக்காந்திருக்கேனேப்பா!"

"அது உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. குலுக்குனா அதுக்குத் தெரிய மாட்டேங்குதே!"

சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான். ஆனாலும், "ஒரு மாசம் பாக்கலாம். சரிப்படலைன்னா வேற ஆளைத்தான் ஏத்தணும்" என்று சொல்லிவிட்டார். ஈர்க்குச்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மனைவி விடுவாளா? முட்டை, பால், வாழைப்பழம் என்று வேளைக்கு வேளை திணித்தாள். அத்தனையும் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்பது டாக்டர்கள் நிறைந்த அந்த வளாகத்திலேயே யாருக்கும் விளங்கவில்லை.

கடைசியில் மூளைதான் கைகொடுத்தது. மூளை என்று அவர் நினைத்துக்கொண்டார், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஒரு சின்ன சாக்கில் மணலைக் கட்டி, சீட்டில் வைத்து, மேலே துண்டை விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார். வண்டி மேடு பள்ளம் எல்லாம் ஏறி இறங்கியது. இன்ஜின் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"எல்லாம் உன் கைப் பக்குவம்" என்று மனைவியிடம் கூசாமல் சொன்னார். அவள் பூரித்துப்போய், கூட வேலை பார்க்கிற பெண்களிடமெல்லாம் தன் சமையலின் பெருமையை அளந்தாள். ஒவ்வொரு தடவையும் ஈர்க்குச்சிக்கு உள்ளே சுருக்கென்றது. அதற்காக மூட்டையை எடுத்துவிட்டாரா என்றால், இல்லை.

ஒருநாள் வளாகத்தின் பின்பக்கச் சரிவில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வழியில் ஒரு காய்ந்த கிளை கிடந்தது. கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, சட்டென்று எடுத்துப் போட்டுவிடலாம் என்று இறங்கினார். ஹேண்ட் பிரேக் போடவில்லை. பிளேடையும் நிறுத்தவில்லை. கிளையை ஓரமாக வீசிவிட்டுத் திரும்பினால், வண்டி சரிவில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. அடியில் பிளேடு ஜோராகச் சுழன்றுகொண்டிருந்தது. துண்டும் மூட்டையும் சீட்டில் அமர்ந்திருக்க, ஆள் இறங்கியதே வண்டிக்குத் தெரியவில்லை.

கீழே, முதுகைக் காட்டியபடி, காதுக் கவசம் மாட்டிக்கொண்டு அவர் மனைவி இலை ஊதிக்கொண்டிருந்தாள்.

கத்தினார். அவளுக்கு எங்கே கேட்கும்? அந்தத் தேய்ந்த முழங்கால்கள் அன்று எப்படி ஓடினவோ, அவருக்கே தெரியாது. பக்கவாட்டில் ஓடிப்போய் ஸ்டியரிங்கைத் தொங்கிப் பிடித்து ஒடித்தார். வண்டி திரும்பி, பூச்செடிப் பாத்தியின் கல்லில் முட்டி, செடிகளைத் துவம்சம் செய்துகொண்டு உறுமியது. எட்டிச் சாவியைத் திருகினார். பிளேடு நின்ற இடத்துக்கும் அவள் காலுக்கும் நடுவே ஒரு துடைப்பத்தைக் கிடத்தலாம், அவ்வளவுதான்.

காற்றில் புழுதி பறக்கவும் அவள் திரும்பினாள். கவசத்தைக் கழற்றினாள். "என்னங்க இது? இறங்குனா நின்னுடும்னு சொன்னீங்களே?"

அவளே போய்ப் பார்த்தாள். துண்டு விலகியிருந்தது. மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இதான் என் சமையலா?"

ஈர்க்குச்சி புல்லிலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதார். "உன்னைக் கொன்னிருப்பேன்டி" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள். அவர் அழுகிற அழுகையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நடந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. மூடி மறைத்திருக்கலாம். அவரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசர் மேசைக்குப் போனார். கிடைத்த திட்டு வளாகம் முழுக்கக் கேட்டது. திட்டி முடிந்ததும் ஈர்க்குச்சியே சொன்னார்: "வேற ஆளை ஏத்துங்க சார். என் வீட்டுக்காரியை ஏத்துங்க. அவளை அதுக்குத் தெரியும்."

தெரிந்தது. அவள் கனத்துக்கு, அவள் உட்கார்ந்தால் எந்த மேட்டிலும் இன்ஜின் சிணுங்குவதில்லை. அவர் முன்னால் நடந்து கல்லும் குச்சியும் பொறுக்குகிறார். ரோஷம் இன்னும் முழுசாகப் போகவில்லை. யாராவது சிரித்தால் முகம் சுண்டிவிடுகிறது.

ஒருநாள் அவர் வண்டிக்குக் கொஞ்சம் கிட்டத்தில் குனிந்துவிட்டார். "தள்ளிப் போங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று கோபத்தில் அவள் சீட்டை விட்டு எழுந்தாள். எழுந்ததுமே இன்ஜின் அடங்கியது.

"சனியன், நின்னுடுச்சே" என்றாள்.

"நிக்கட்டும்மா" என்றார் அவர், பொறுக்கிய கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு. "நல்லா நிக்கட்டும்."