ராசிபலன் பக்கத்தில் வந்த விளம்பரம்

எங்கள் அஸ்தினாபுரம் வீட்டில் லேப்டாப் சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கும். மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து அப்படி. அவளுக்கு ஆபீஸில் கொடுத்தது தனியாக உண்டு, இதைத் தொடவே மாட்டாள். இது எனக்கும் என் கணவருக்கும் பொது. காலையில் அவர் காபியோடு உட்கார்ந்து முதலில் ராசிபலன் படிப்பார், பிறகு வரன் தளம். "இந்தப் பையனுக்கு முடி கம்மியா இருக்கே" என்பார். தன் தலையைக் கண்ணாடியில் பார்த்து ரொம்ப நாளாகியிருக்கும்.

அந்த மேஜையில்தான் ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, மார்பில் கட்டி வந்தால் என்னவாக இருக்கும் என்று தேடினேன். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலிக்காத கட்டிதான் மோசம் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தளமும் குக்கீக்கு அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் சம்மதம் என்ற பெரிய பச்சைப் பட்டனையே அழுத்திக்கொண்டு போனேன். உயிர் பயத்தில் இருப்பவளுக்குப் பொறுமை ஏது? படித்து முடித்ததும் ஹிஸ்டரியை அழித்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

யாரிடமும் சொல்லவில்லை. பம்மலிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் கூடிவந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு இந்த நோய் என்றால் பெண்ணுக்கும் வருமோ என்று யோசிப்பார்கள். காரணம் சொல்லாமல் நழுவிவிடுவார்கள். நிச்சயதார்த்தம் முடியட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை ராசிபலனுக்குப் பக்கத்தில் ஒரு விளம்பரம். மார்பகப் பரிசோதனை, சலுகைக் கட்டணத்தில். அவர் தோளுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். அவர் பக்கத்தைத் தள்ளிவிட்டார். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனார், அங்கேயும் அதே விளம்பரம். பாவி, விடாமல் பின்னாலேயே வருகிறதே!

நான் பாடம் எடுக்கும் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சரிடம், புடவை விளம்பரமாக வந்து பேஜார் பண்ணுகிறது என்று புளுகினேன்.

"ஹிஸ்டரிய அழிச்சா போதாது டீச்சர், குக்கீ அப்படியே இருக்கும். விளம்பரக் கம்பெனிக்காரன் உங்க பிரவுசர்ல ஒரு அடையாளம் வெச்சுடுவான், அதுதான் குக்கீ. நீங்க வேற சைட்டுக்குப் போனாலும் அத வெச்சு உங்களக் கண்டுபிடிச்சுடுவான்."

குக்கீயை அழிப்பது எப்படி, அடுத்தவன் வைக்கும் குக்கீயைத் தடுப்பது எப்படி என்று செட்டிங்ஸில் காட்டினாள். பச்சைப் பட்டனுக்குக் கீழே பொடி எழுத்தில் 'வேண்டாம்' என்று ஒன்று இருக்குமாம், அதைத் தேடி அழுத்த வேண்டுமாம். வீட்டுக்கு வந்து எல்லாக் குக்கீயையும் அழித்தேன். தடுப்பதை மட்டும் விட்டுவிட்டேன். வரன் தளம் திறக்காமல் போனால் அவருக்கு யார் பதில் சொல்வது?

காலையில் அவர் குரல் கேட்டது. "என்ன இது, எல்லாம் பாஸ்வேர்ட் கேக்குது?"

"ஏதாவது அப்டேட் ஆயிருக்கும்" என்று அடுப்பைப் பார்த்தபடி சொன்னேன்.  ஆனால் அந்த விளம்பரம் போய்விட்டது. சில நாள் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பிறகு ஒரு காலை, அதே ராசிபலன் பக்கத்தில், மறுபடி அதே விளம்பரம்.

நான் தேடவில்லை. சத்தியமாகத் தேடவில்லை. அப்படியானால் இந்த மேஜையில் உட்காரும் இன்னொருவர்தான். திரும்பிப் பார்த்தேன். அவர் காபியைத் தொடவே இல்லை, ஆடை படிந்து கிடந்தது.

"அன்னிக்கு அது வந்தப்பவே நமக்கு எதுக்கு வருதுன்னு தோணுச்சு. நீயும் சரியா சாப்பிடல. நேத்து நானே உக்காந்து தேடி எல்லாத்தையும் படிச்சேன்" என்றார். லேப்டாப்பை மூடிவிட்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

இடது பக்கம் தொட்டுக் காட்டினேன். "பம்மல்காரங்களுக்குத் தெரிஞ்சா..."

"சம்பந்தமாவது மண்ணாங்கட்டியாவது. கிளம்பு, டாக்டர்கிட்ட போவோம்."

"பயமா இருக்குங்க."

"எனக்கு மட்டும் இல்லையா?" என்றபடி எழுந்து வண்டிச் சாவியைத் தேடினார். அலமாரி, ஃப்ரிட்ஜ் மேல், சட்டைப் பை எல்லாம் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.