அம்மா கழுத்துல இருந்த சாவி

அம்மா போயி இன்னும் ஒரு வருஷம் ஆவல. சங்கத்து பொம்பளைங்க யாராவது ரோட்ல பாத்தா "உங்கம்மா இருந்தா..."ன்னு ஆரம்பிப்பாங்க. நான் தலைய ஆட்டிட்டு நடந்துடுவேன். கார்மெண்ட்ஸ்ல நாளெல்லாம் நின்னு காலு வீங்கிப் போயிருக்கும், அப்ப போயி இதையும் நின்னு கேக்க எனக்குத் தெம்பு இல்ல. ஆனா அந்தப் பூட்டு சமாச்சாரத்த மட்டும் எழுதி வெக்கணும்னு இருக்குது. நான் ஏழாங்கிளாஸோட நின்னவ, எனக்குப் பேசற மாதிரி தான் எழுத வரும்.

பெங்களூர் அல்சூர்ல ஏரிக்குப் பின்னாடி சந்து எங்களுது. பாதிப் பேருக்கு வீட்டு வேல, மீதிப் பேரு ஊதுவத்தி உருட்டறவங்க. அம்மா ஊதுவத்தி. நான் சின்னவளா இருக்கும்போது எல்லாரும் ஒருத்தர்கிட்ட சீட்டு கட்டினாங்க. அந்தாளு குடும்பத்தோட வீட்ட காலி பண்ணிட்டு ஓடிட்டான். அதுக்கப்புறம் தான் சங்கம். பொம்பளைங்களுக்கு சங்கம் ஆரம்பிச்சிக் குடுக்கற ஆபீஸ்லருந்து ஒரு மேடம் வந்து, இது உங்க சங்கம், எங்களுது இல்ல, உங்க காச நீங்களே பாத்துக்கங்கன்னு கன்னடத்துல சொல்லிக் குடுத்தாங்க. வாராவாரம் ஆளுக்குக் கொஞ்சம் போடணும். யாருக்கு அவசரமோ அவங்களுக்குக் கடன் தரணும். வட்டியும் சங்கத்துக்கே வந்துடும்.

காசு வெக்க ஒரு தகரப் பொட்டி. ஒரு பூட்டு போதும்னு மேடம் சொன்னாங்க. மூணு வேணும்னு அம்மா ஒத்தக் காலுல நின்னாங்க. மூணு பூட்டு, மூணு சாவி, மூணு வீட்ல. மூணு பேரும் வந்தா தான் பொட்டி தெறக்கும். ஒரு சாவி லீடர் அத்தகிட்ட. அத்த கார்ப்பரேஷன்ல ரோடு பெருக்கற வேல, பொட்டியும் அவங்க வீட்ல தான். ஒண்ணு இட்லி அக்காகிட்ட. சந்து மொனையில தள்ளுவண்டி போட்டு இட்லி விக்கறவங்க. மூணாவது அம்மாகிட்ட.

கன்னடத்துல பூட்டுக்கு பீகான்னு பேரு. சம்பந்திக்கு பீகரு. "ரெண்டும் மொகத்த தூக்கி வெச்சினு தொங்கும்"னு அத்த வாரா வாரம் சொல்லுவாங்க. வாரா வாரம் எல்லாரும் சிரிப்பாங்க.

அம்மா சாவிய தாலிக் கயிறுல கட்டிக்கிட்டாங்க. தாலில இருந்த தங்கத்த அப்பா எப்பவோ வித்துக் குடிச்சிட்டாரு. வெறும் மஞ்சக் கயிறு, ஒரு மஞ்சக் கிழங்கு, அது பக்கத்துல சாவி. குனிஞ்சி வத்தி உருட்டும்போது சாவி பலகையில டக்கு டக்குனு இடிக்கும். நான் அந்தச் சத்தத்துல தான் தூங்குவேன்.

காய்ச்சல்னு படுத்தவங்க எழுந்திருக்கல.

குளிப்பாட்டினது சங்கத்து பொம்பளைங்க தான். எங்க ஆளுங்க பொதைக்கறவங்க. புருஷன் உசுரோட இருக்கும்போது போனவங்களுக்கு கயிற கழட்டக்கூடாது, பூ மஞ்ச குங்குமத்தோட தான் அனுப்பணும். தங்கம் இருந்தா யாராவது கயிற வெளிய எடுத்துப் பாத்திருப்பாங்க. அதான் ஒண்ணும் இல்லயே. அந்தச் சாவிய வருஷக்கணக்கா பாத்தவங்க எல்லாரும். அத்த கையால மஞ்ச பூசினாங்க, சாவி மேலயும் சேத்து தான் பூசினாங்க. அது சாவின்னு ஒருத்தருக்கும் தோணல. எனக்கும் தோணல. அம்மாவோட போயிடுச்சி.

அடுத்த கூட்டத்துல எல்லாரும் சுத்தி உக்காந்து, ரெண்டு பூட்ட தெறந்துட்டு, மூணாவதுக்கு நிமுந்து பாத்தாங்களாம். அப்ப தான் அத்த நெஞ்சுல அடிச்சிக்கினாங்களாம்.

அதுல இட்லி அக்காவுக்கு தான் பெரிய சிக்கல். புருஷன் ஆஸ்பத்திரி செலவுக்கு மீட்டர் வட்டிக்காரன்கிட்ட வாங்கிட்டாங்க. ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடினே இருக்குமே, அந்த வட்டி. ஞாயித்துக்கெழமைக்குள்ள அடைக்கலன்னா வண்டிய தள்ளினு போயிடுவேன்னு சொல்லிட்டான். வண்டி போனா அக்கா வீட்ல அடுப்பு எரியாது. சங்கம் அவங்களுக்குக் கடன் தர ஒத்துக்கினு ஆச்சி. காசு பொட்டிக்குள்ள, பேங்க் பாஸ்புக்கும் பொட்டிக்குள்ள.

வெள்ளிக்கெழம அத்தயும் இன்னும் ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்தாங்க. அம்மா போட்டோ முன்னாடி வெளக்கு எரியுது. அத்த கீழ உக்காந்து என் கைய புடிச்சாங்க.

"கண்ணு, உங்கம்மா பூட்ட ஒடைக்கணும். சாவி யாருதோ அவங்க வீட்ல கேக்காம பூட்டுல கை வெக்கக்கூடாதுன்னு சங்கத்துல பேச்சு. உங்கம்மாவே போட்ட சட்டம் அது. நீ சரின்னு சொன்னா தான்."

அப்பா வாசல்லருந்து, "நான் வேணா சுத்தி எடுத்தாறவா?"ன்னாரு.

"யப்பா, நீ ஒக்காரு. ஒன்ன நம்பித்தான் மூணு பூட்டு போட்டோம்"னாங்க அத்த. கூட வந்தவங்க முந்தானைய வாய்ல வெச்சினு சிரிச்சாங்க.

எனக்கு அந்தச் சிரிப்பு தாங்கல. "மண்ணு கூட இன்னும் காயல, அதுக்குள்ள எங்கம்மா பூட்ட ஒடைக்க வந்துட்டீங்களா? போங்க எல்லாரும்"னு கத்திட்டேன். அத்த என் தலையத் தடவிட்டு எழுந்து போயிட்டாங்க.

எனக்கு காசு, கடன் எதுவும் மனசுல இல்ல. அம்மா படுக்கறதுக்கு முந்தின கூட்டத்துல அவங்க கையால பூட்டின பூட்டு அது. அப்புறம் யாரும் தொடல. வீட்ல அவங்க மடிச்ச புடவைய நானே கலைச்சிட்டேன், அவங்க ஊத்தி வெச்ச தண்ணிய குடிச்சிட்டோம். அம்மா பண்ணது பண்ணபடி இருந்தது அந்தப் பூட்டு ஒண்ணு தான். அத எப்படி அவங்களுக்குச் சொல்லுவேன்?

சனிக்கெழம காலைல வேலைக்குப் போற வழியில இட்லி அக்கா வண்டி. நான் மொகத்த திருப்பினு போனேன். "ஏய், வா இங்க. ஒண்ணும் திங்காம தான போற?"ன்னு கூப்ட்டாங்க. எலையில நாலு இட்லி வெச்சாங்க. பூட்ட பத்தி ஒரு வார்த்த பேசல. நான் சாப்பிடும்போது அக்கா ஈரத் துணியால வண்டிய தொடச்சினே இருந்தாங்க. சக்கரத்த, கம்பிய, அடியில கூட. ஆட்டோவுக்கு ஆயுத பூஜைக்கு தொடப்பாங்களே, அப்படி. கட்டிக் குடுக்கற பொண்ணுக்கு தல வாரி விடற மாதிரி இருந்துச்சி.

"எதுக்குக்கா இவ்ளோ தொடைக்கிற?"

"போற எடத்துலயாவது சுத்தமா இருக்கட்டும்"னாங்க.

நான் எலைய மடிச்சிப் போட்டுட்டேன். அன்னிக்கு வேலைக்குப் போவல. நேரா அத்த வீட்டுக்குப் போயி, "எல்லாரையும் கூப்பிடுங்க"ன்னேன்.

வேலையில இருந்தவங்க கூட மத்தியானத்துக்குள்ள வந்துட்டாங்க. சுத்தி உக்காந்தாங்க. ஜன்னலுக்கு கீழ அம்மா உக்கார்ற எடத்த விட்டு வெச்சிருந்தாங்க. "உக்காரு"ன்னாங்க அத்த. உக்காந்தேன். அம்மிக் குழவிய என் கையில குடுத்தாங்க. அடிச்சேன். தெறக்கல. இன்னொரு தரம் அடிச்சேன், தகரம் தான் நசுங்குச்சி. எனக்கு அழுக வந்துடுச்சி.

"வாங்கும்போதே சொன்னா, நல்ல பூட்டா பாத்து வாங்குங்கடின்னு. பாரு, செத்தும் கடனுக்கு கையெழுத்து போட மாட்டேங்கறா"ன்னாங்க அத்த. அப்ப நானும் சிரிச்சிட்டேன். அழுதுனே சிரிச்சேன். அத்த என் கை மேல கைய வெச்சி, ரெண்டு பேருமா சேந்து ஓங்கி அடிச்சோம். வளையம் வுட்டுடுச்சி.

வட்டிக்காரன் வர்றதுக்கு முன்னாடியே அக்கா போயி காச அவன் மொகத்துல எறிஞ்சிட்டு வந்தாங்க. வண்டி இன்னும் மொனையில தான் நிக்குது. அக்கா கடன மெதுவா கட்டினு வராங்க, ரெண்டு வாரம் தவறியும் போச்சி. சந்துல யாரும் பணக்காரி ஆவல.

புதுப் பூட்டு வாங்கினாங்க. மூணாவது சாவி எனக்கு. அன்னிக்கே புதுசா ஒரு சட்டமும் போட்டாங்க: இனிமே யாரு போனாலும், குளிப்பாட்டறதுக்கு முன்னாடி கழுத்துல கைய வெச்சி பாக்கணும். "என்னுத நல்லா பாருங்கடி, ரவிக்கைக்குள்ள இருக்கும்"னு அத்த சொன்னாங்க.

நான் சாவிய கழுத்துல போட்டுக்கல. வீட்ல ஆணியில மாட்டி வெச்சிருக்கேன்.

ஒடஞ்ச பூட்ட அத்த பழைய இரும்புக்கு போடலாம்னாங்க. வேணாம்னு வாங்கினு வந்துட்டேன். என் துணிப் பொட்டியில கெடக்குது. வேல விட்டு வந்தா சில நாள் எடுத்து கையில வெச்சினு உக்காருவேன். இதுக்கு சாவி அம்மாகிட்ட இருக்குது.